ஒத்திகையில் விழுந்தவர்கள்

2025 நவம்பர் 13ஆம் தேதி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்குப் பக்கத்து அம்மாசத்திரத்தில் ஒரு சின்னப் பயிற்சி விமானம் வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய விமானம், நடுவானில் கோளாறு. லாரியும் பேருந்தும் ஓடுகிற தார்ச்சாலையையே ஓடுபாதையாக்கி இறக்கிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இறங்கினார்கள். எங்கள் இலுப்பூரிலிருந்து கிழக்கே அதிக தூரமில்லாத இடம். சேதி கேட்டதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரோட்டில் நிற்கும் விமானத்தை வாழ்நாளில் எத்தனை தடவை பார்க்க முடியும்?

எட்டே நாளில் இன்னொரு காணொளி கைக்குக் கை போனது. துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாள், 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை. அல் மக்தூம் விமான நிலையத்தின் மேல் சாகசம் காட்டிக்கொண்டிருந்த இந்தியாவின் தேஜஸ் தரையை நோக்கிச் சரிந்து, மோதி, தீப்பந்தாக எழுந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் நமன்ஷ் ஸ்யால். இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா பகுதியைச் சேர்ந்தவர். பணியாற்றியது நம் கோயம்புத்தூர் சூலூர் விமானப்படைத் தளத்தில். துபாயிலிருந்து வந்த உடல் முதலில் சூலூரில்தான் இறங்கியது. அங்கே மரியாதை செலுத்திய பிறகே சொந்த ஊருக்குப் போனது.

அம்மாசத்திரத்தில் இறங்கியதைப் பிழைத்த கதையாகவும் துபாயில் விழுந்ததை வீரமரணமாகவும் பேசி முடித்துவிட்டோம். நடுவில் ஒரு கேள்வி நின்றுபோயிற்று. போர் இல்லை, எதிரி இல்லை, வானமோ தெளிவாக இருக்கிறது. அப்படி ஒரு நாளில், கூட்டத்தின் கண்ணெதிரே ஒரு தேர்ந்த ராணுவ விமானி எதனால் இறக்கிறார்?

இந்தக் கேள்விக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. உலகத்தில் ஹெலிகாப்டர்களை மட்டுமே வைத்துச் சாகசம் செய்யும் ராணுவக் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றான ‘சாரங்’ இருப்பது சூலூரில். 2003இல் பெங்களூரில் தொடங்கி, 2004இல் சிங்கப்பூரில் முதல்முறையாக வெளிநாட்டு வானில் பறந்த குழு அது. சாரங் என்றால் மயில். சிவப்பு உடம்பில் மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்கள். இலுப்பூருக்கு வடமேற்கே விராலிமலையில் முருகன் கோயில் படிக்கட்டில் மயில் உலவுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே பிடிபடும். மயில் தொலைதூரம் பறக்கும் பறவையல்ல. ஆனால் பார்ப்பவர்களை நிறுத்திவைக்கத் தெரிந்த பறவை.

2007 பிப்ரவரி 2ஆம் தேதி பெங்களூரு எலகங்காவில், ‘ஏரோ இந்தியா’ கண்காட்சிக்கு முந்தைய ஒத்திகையில், சாரங் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. ஸ்குவாட்ரன் லீடர் பிரியே சர்மா இறந்தார். உடனிருந்த விகாஸ் ஜெட்லி பலத்த காயத்தோடு, நினைவு திரும்பாமலே நெடுங்காலம் படுக்கையில் கிடந்து பிறகு காலமானார். இரண்டாவது மரணம் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வரவில்லை. கண்காட்சி முடிந்து கூடாரங்களைப் பிரித்த பிறகு நடப்பது எதுவும் அந்தப் பக்கத்துக்கு வருவதில்லை.

எலகங்கா விபத்து ஒத்திகையில் நடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.

இந்திய விமானப்படையின் பெயர்பெற்ற சாகசக் குழு ‘சூர்யகிரண்’. 1996இல் கர்நாடகத்தின் பீதரில், உள்நாட்டுத் தயாரிப்பான கிரண் பயிற்சி விமானங்களோடு பிறந்தது. அதற்கு முன்பு 1982இல், விமானப்படையின் பொன்விழா ஆண்டில், ஹண்டர் விமானங்களை வைத்து ‘தண்டர்போல்ட்ஸ்’ என்ற குழு இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கலைந்துவிட்டது. சூர்யகிரண் ஒன்பது விமானங்களாக வளர்ந்து நாடெங்கும் சுற்றியது. 2006 மார்ச் 18ஆம் தேதி பீதர் அருகே பயிற்சியில் விங் கமாண்டர் தீரஜ் பாட்டியாவும் ஸ்குவாட்ரன் லீடர் ஷைலேந்தர் சிங்கும் இறந்தார்கள். 2009 ஜனவரி 21, மறுபடியும் பீதர், மறுபடியும் பயிற்சி. இந்தத் தடவை விங் கமாண்டர் தாலிவால். 2011இல் குழுவை நிறுத்திவைத்தார்கள். அதற்குக் காரணம் விபத்துகள் அல்ல. எச்.பி.டி–32 பயிற்சி விமானங்கள் பறக்கத் தகுதியில்லாமல் ஒதுக்கப்பட்டதால், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவே கிரண்கள் போதவில்லை. சாகசம் காட்ட எதை அனுப்புவது? சில ஆண்டுகள் கழித்து பிரிட்டிஷ் வடிவமைப்பான ஹாக் விமானங்களோடு குழு மீண்டு வந்தது.

2019 பிப்ரவரி 19ஆம் தேதி, ஏரோ இந்தியா தொடங்க ஒரே நாள் இருந்தபோது, எலகங்காவின் மேல் இரண்டு சூர்யகிரண் ஹாக்குகள் மோதிக்கொண்டன. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்தார். மற்ற விமானத்தில் இருந்த விஜய் ஷெல்கேயும் தேஜேஷ்வர் சிங்கும் இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார்கள். இதுவும் ஒத்திகைதான்.

கூட்டத்தின் கண்முன்னே நடந்தவையும் உண்டு. 1989 அக்டோபர் 8, விமானப்படை நாளன்று டெல்லியின் ‘பாலம்’ விமானத் தளத்தில் மிராஜ் 2000 விமானம் உருண்டபடியே கீழிறங்கும் சாகசத்திலிருந்து மீளாமல் விழுந்து, விங் கமாண்டர் ரமேஷ் பக்ஷி இறந்தார். 2010 மார்ச் 3ஆம் தேதி ஹைதராபாத் பேகம்பேட்டையில் கடற்படையின் ‘சாகர் பவன்’ குழுவின் கிரண் ஒன்று நியூ போயன்பள்ளியில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. கமாண்டர் மௌரியாவும் லெப்டினன்ட் கமாண்டர் ராகுல் நாயரும் இறந்தார்கள். குழுவும் அதோடு முடிந்தது. பிறகு துபாய். இங்கே சொன்ன ஏழு இந்திய விபத்துகளில் நான்கு, மைக்கும் பந்தலும் கூட்டமும் இல்லாத நாளில் நடந்தவை.

நாம் பார்ப்பது இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக அவர்கள் மாதக்கணக்கில் அதே வட்டத்தை, அதே குட்டிக்கரணத்தை, அதே எதிரெதிர்ப் பாய்ச்சலைப் போடுகிறார்கள். முதலில் உயரத்தில் இரண்டு விமானம், பிறகு மூன்று, பிறகு ஒன்பது. பழகப் பழக உயரம் குறையும். ஆபத்தில் செலவிடும் மணிநேரத்தைக் கூட்டினால் பெரும்பகுதி ஒத்திகைக் கணக்கில்தான் வரும். விபத்தும் அங்கேதான் அதிகம் நடக்கும் என்பதில் வியப்பில்லை. நமக்கு அது தெரியாமல் போவதுதான் வியப்பு. தெருக்கூத்தில் விடிய விடிய ஆடுபவரின் காலை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் கால் பழகிய களத்தை மறந்துவிடுவதைப் போல.

அந்தக் களத்தின் அளவுகளைக் கொஞ்சம் பார்க்கலாம். சூர்யகிரண் விமானங்கள் ஒன்றுக்கொன்று ஐந்து மீட்டர் அளவுக்கு நெருங்கிப் பறக்கின்றன. டவுன் பஸ்ஸின் நீளத்தில் பாதி. மணிக்கு 540 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடிக்கு 150 மீட்டர். பக்கத்து விமானமும் அதே வேகத்தில் போவதால் அவர்களுக்கு இடையில் எல்லாம் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர் அசையாமல் தெரிவதைப் போல. ஆனால் ஒருவர் மட்டும் நொடிக்கு ஐந்து மீட்டர், அதாவது நாம் விரைந்து ஓடும் வேகத்தில், பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரே நொடியில் இறக்கைகள் தொட்டுக்கொள்ளும். காற்றின் சிறு அலையும் முன்னால் போகிற விமானம் கிளப்பிவிடும் சுழலும் அந்த ஐந்து மீட்டருக்குள்தான் இருக்கின்றன. எதிரெதிராக வந்து கடக்கிற சாகசத்தில் கணக்கு வேறு. இரு வேகமும் சேர்ந்து நொடிக்கு 300 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி எதிராளியைப் பார்த்தால் கையிலிருப்பது மூன்று நொடி சொச்சம்.

இதைவிடக் கொடியது உயரம் இல்லாமை. சாதாரணப் பறத்தலில் உயரம் இருந்தால் பிழையைத் திருத்த நேரம் கிடைக்கும். சாகசத்தில் கூட்டத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நேரத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள். 2016 ஜூன் 2ஆம் தேதி அமெரிக்கக் கடற்படையின் ‘புளூ ஏஞ்சல்ஸ்’ விமானி ஜெஃப் கஸ் டென்னசியில் ஒரு ஒத்திகையில் இறந்தார். மேலே ஏறி, தலைகீழாகத் திரும்பி, பாதி வட்டமாகக் கீழிறங்கி நேராவது அவர் செய்த சாகசம். தலைகீழாகத் திரும்பியபோது உயரம் தேவையைவிடக் குறைவு, வேகம் தேவையைவிட அதிகம். வட்டத்தின் அடி தரைக்குக் கீழே போய்விடும் என்பது அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது. களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. குதித்திருக்க முடியாதா என்று கேட்கலாம். தவறு நேர்ந்துவிட்டது என்று மூளைக்குப் புரிய ஆகும் நேரத்தையும் அந்த நொடிகளிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. வேகமாக வளைந்து மேலே இழுக்கும்போது விமானியின் எடை பெருகும். ஆறு ‘ஜி’ என்றால் எழுபது கிலோ மனிதர் நானூற்று இருபது கிலோவாக உணர்வார். தலைக்கவசத்தோடு சேர்ந்த தலையைத் திருப்புவதே பெரும் வேலை. ரத்தம் மூளையை விட்டுக் காலுக்கு இறங்கப் பார்க்கும். முதலில் நிறம் மங்கும், பார்வை குழாய்போல ஒடுங்கும், பிறகு நினைவு தப்பும். சேமித்துவைத்த ஆக்சிஜன் மூளைக்கு ஐந்து நொடி அளவுதான் வரும். நினைவு தப்பினால் பத்துப் பன்னிரண்டு நொடி முழு மயக்கம். விழித்த பிறகும் ஏறக்குறைய அதே அளவு நேரம் எங்கே இருக்கிறோம் என்ற தெளிவு வராது. தரைக்கு மேல் சில நூறு மீட்டரில் இருப்பவருக்கு இருபது நொடி என்பது கிடைக்கவே கிடைக்காத அவகாசம்.

இதைத் தடுக்கக் கால்களையும் வயிற்றையும் இறுக்கும் ‘ஜி சூட்’ உடை உண்டு. புளூ ஏஞ்சல்ஸ் விமானிகள் அதை அணிவதில்லை. ஸ்டிக்கைப் பிடித்த கையை அவர்கள் தொடையில் ஊன்றிக்கொண்டு ஓட்டுகிறார்கள். உடை ஊதிப் புடைத்தால் கை அசையும், கை அசைந்தால் விமானம் அசையும், விமானம் அசைந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து. தசைகளை இறுக்கி மூச்சைப் பிடிக்கும் பயிற்சியை மட்டுமே நம்புகிறார்கள். ஒருவரது உடம்பின் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் அணியின் பாதுகாப்பை வாங்க வேண்டியிருக்கிறது. 2007 ஏப்ரலில் தென் கரோலினாவில் கெவின் டேவிஸ் இறந்தபோது, ஏழு ஜியை நெருங்கிய ஒரு வளைவில் அவர் தன்னிலை இழந்ததாக அறிக்கை சொன்னது. 2018 ஏப்ரல் 4ஆம் தேதி நெவாடாவில், இதுவும் பயிற்சிதான், அமெரிக்க விமானப்படையின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ விமானி ஸ்டீபன் டெல் பான்யோ இறந்தார். தலைகீழாகப் பறந்து ரத்தம் தலைக்கு ஏறிய நிலையிலிருந்து சில நொடிகளில் எட்டு ஜிக்கு மேல் போனார். தலைக்கு ஏறிய ரத்தத்தைச் சமாளிக்க இதயம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும் வேளை அது. அப்போது எதிர்ப்பக்கம் இழுத்தால் வழக்கமாகத் தாங்குகிற அளவையும் தாங்காது. அவர் திறமைக் குறைவால் இறக்கவில்லை. இரண்டு அசைவுகளின் வரிசை அவரைக் கொன்றது.

இவற்றையெல்லாம் ஓரளவு கற்பனை செய்து பார்த்துவிடலாம். என்னால் எளிதில் விழுங்க முடியாதது அணியின் உள்ளமைப்பு. ஒன்பது விமானங்கள் வைரம்போலப் பறக்கும்போது தலைவரைத் தவிர மற்றவர்கள் தரையைப் பார்ப்பதில்லை. முன்னால் இருக்கும் விமானத்தின் இறக்கையில் ஒரு புள்ளி, வால்பகுதியில் ஒரு கோடு. அவை ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் அவர்கள் சரியான இடத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். வானம் மேலேயா கீழேயா என்பது அவர்கள் கணக்கில் இல்லை. அதைத் தலைவர் பார்த்துக்கொள்வார். பார்ப்பவர்களை மெய்சிலிர்க்க வைக்கும் ஒற்றுமை, எட்டுப் பேர் தங்கள் கண்ணை ஒருவரிடம் கொடுத்துவிட்டதால் வருகிற ஒற்றுமை.

1982 ஜனவரி 18ஆம் தேதி நெவாடா பாலைவனத்தில் தண்டர்பேர்ட்ஸ் நான்கு பேர் வரிசையாக ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். ஒத்திகை. தலைவரின் விமானத்தில் வால்பகுதிக் கட்டுப்பாடு இறுகிக்கொண்டது என்றது விசாரணை. அவரால் மேலே இழுக்க முடியவில்லை. மற்ற மூவரின் விமானத்திலும் கோளாறு எதுவுமில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது தரையை அல்ல, அவரை. நான்கு விமானங்களும் ஏறக்குறைய ஒரே கணத்தில் தரையில் மோதின. 1995 டிசம்பர் 12ஆம் தேதி ரஷ்யாவின் ‘ரஷ்யன் நைட்ஸ்’ குழு மலேசியாவின் லங்காவியில் சாகசம் முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. வியட்நாமின் கம்ரான் தளத்தில் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டும். மேகமூட்டம். வழிகாட்டியாக முன்னே ஒரு பெரிய சரக்கு விமானம், பின்னால் ஒட்டிக்கொண்டு சுகோய்–27கள். சரக்கு விமானம் போன பாதையில் மலை இருந்தது. மூன்று சுகோய்கள் மலையில் மோதி நான்கு விமானிகள் இறந்தார்கள். வழிகாட்டிய விமானம் தப்பிவிட்டது.

இந்த இரண்டு விபத்திலும் பின்பற்றிப் போனவர்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை. கற்றுக்கொடுத்ததைச் சரியாகச் செய்தார்கள். அதனால் இறந்தார்கள்.

நெருங்கிப் பறப்பதற்குச் சாகசக் குழுதான் வேண்டும் என்பதில்லை. 2011 மார்ச் 1ஆம் தேதி இலங்கை விமானப்படையின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் கம்பஹா அருகே இரண்டு கிஃபிர் விமானங்கள் மோதின. விமானி மோனாத் பெரேரா இறந்தார். மற்றவர் குதித்துத் தப்பினார். இறுதிப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. போர்முனையில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய அதே வகை விமானம், விழாவுக்கு முந்தின நாள் நடுவானில் நொறுங்கியது. கிஃபிர் என்ற சொல்லைக் கேட்டாலே பதுங்குகுழி நினைவுக்கு வரும் ஈழத்து வாசகர் இந்த வரியை எந்த மனத்தோடு படிப்பார் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. 2024 ஏப்ரல் 23ஆம் தேதி மலேசியாவின் லுமுட் கடற்படைத் தளத்தில், கடற்படையின் 90ஆம் ஆண்டு அணிவகுப்புக்கான ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதிப் பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் சிவசுதன். குட்டிக்கரணம் எதுவும் போடவில்லை. வரிசையாகப் பறந்து வணக்கம் செலுத்துவதற்கான ஒத்திகை, அவ்வளவுதான்.

பார்க்க வந்தவர்கள் இறந்த கதை தனி. 1952 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு சோதனை விமானம் வானிலேயே உடைந்து, அதிலிருந்த இருவரோடு கூட்டத்தில் 29 பேரும் இறந்தார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலும் கூட்டத்தை நோக்கியும் பறக்கக் கூடாது என்ற விதிகள் இறுகியது அதற்குப் பிறகு. எல்லா நாட்டிலும் அவை இறுகவில்லை. 1988 ஆகஸ்ட் 28ஆம் தேதி ஜெர்மனியின் ராம்ஷ்டைன் தளத்தில் இத்தாலியின் ‘ஃப்ரெச்சே த்ரிகலோரி’ குழுவின் மூன்று விமானங்கள் மோதின; ஒன்று எரிந்தபடி கூட்டத்துக்குள் வந்தது. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் இறந்தார்கள். 2002 ஜூலை 27ஆம் தேதி உக்ரைனின் ஸ்க்னீலிவ் தளத்தில் சுகோய்–27 ஒன்று கூட்டத்தில் பாய்ந்து 77 பேரைக் கொன்றது. விமானிகள் இருவரும் குதித்துத் தப்பினார்கள், சிறைக்குப் போனார்கள். எங்கள் பக்கம் தை பிறந்தால் ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு இரட்டைத் தடுப்பு கட்டுகிறார்கள். காளையின் பாதையில் ஆள் நிற்கக் கூடாது என்று அதிகாரிகள் முன்கூட்டியே வந்து பார்க்கிறார்கள். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்ட சாதனை ஜல்லிக்கட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தடுப்பு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சாவும்தான் ஓர் அடி நகர்த்துகிறது, வானத்திலும் வாடிவாசலிலும்.

2024 அக்டோபர் 6ஆம் தேதி சென்னை மெரினாவில் சூர்யகிரணும் சாரங்கும் சுகோய்களும் பறந்தன. விமானிகள் எல்லாரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் வெயிலிலும் நெரிசலிலும் இறந்துபோனார்கள். வானத்தில் ஐந்து மீட்டரைக் கணக்காக வைத்திருக்கத் தெரிந்த நாட்டுக்குக் கடற்கரையில் தண்ணீர்ப் பந்தல் கணக்கு கைகூடவில்லை. விபத்து வரலாற்றில் இதைச் சேர்க்க மாட்டார்கள். நான் சேர்ப்பேன்.

இதெல்லாம் எதற்காக? ராணுவங்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: ஆள் சேர்ப்பு, மக்களின் நம்பிக்கை, விமானியின் திறன் வளர்ப்பு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மெரினாவில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளில் யாராவது ஒருவர் பத்து ஆண்டு கழித்து விமானப்படைத் தேர்வு எழுதலாம். நான்காவது காரணம் ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை: வியாபாரம். துபாய்க் கண்காட்சி அடிப்படையில் ஒரு சந்தை. அங்கே தனியாகச் சுழன்று காட்டும் போர் விமானம், வாங்க வந்தவர்களுக்குத் தன் வளைவையும் வலிமையையும் காட்டுகிறது. ஓட்டுபவர் ராணுவ அதிகாரி. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் ஒரு விற்பனைப் பொருளின் முகம். அணியாகப் பறப்பதை ஒரு கலை என்று ஏற்றுக்கொள்வேன், அதன் விலை தெரிந்தும். விற்பனைக்காக விமானத்தை அதன் எல்லை வரை தாழ்வாக ஓட்டிக் காட்டுவதை அதே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிற நாடு எண்களைப் பார்த்தும், தன் விமானிகளை அனுப்பி ஓட்டிப் பார்த்தும்தான் வாங்கும். ஒலிபெருக்கியின் வர்ணனையை நம்பி யாரும் போர் விமானம் வாங்குவதில்லை.

துபாயில் அன்று விபத்துக்குப் பிறகும் கண்காட்சி தொடர்ந்தது. அமெரிக்காவின் எஃப்–16 சாகசக் குழுவின் டெய்லர் ஹீஸ்டர், இறந்தவருக்கும் குடும்பத்துக்கும் மரியாதையாகத் தங்கள் கடைசிக் காட்சியை ரத்துசெய்ததாகவும், எதுவும் நடக்காததுபோல் நிகழ்ச்சி நடந்தது தன்னை உலுக்கியதாகவும் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி போலந்தின் ரதோமில் ஒத்திகையின்போது எஃப்–16 விழுந்து மேஜர் மச்சேய் கிராகோவியன் இறந்தபோது, இரண்டு நாளில் தொடங்கவிருந்த கண்காட்சியை அந்த நாடு முற்றாக ரத்துசெய்தது. இழவு வீட்டுத் தெருவில் அன்று மேளம் அடிக்கக் கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமா?

ரத்துசெய்வதைவிட முக்கியமானது, பிறகு என்ன நடந்தது என்று சொல்வது. கஸ், டேவிஸ், டெல் பான்யோ ஆகியோரின் கடைசி நொடிகளைப் பற்றி நான் இவ்வளவு விவரமாக எழுத முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய நாடு விசாரணை அறிக்கைகளை வெளியிடுகிறது. பிரிட்டனின் ‘ரெட் ஆரோஸ்’ விமானி ஷான் கன்னிங்ஹாம் 2011 நவம்பர் 8ஆம் தேதி தரையில் நின்ற விமானத்திலிருந்தே இருக்கையோடு மேலே எறியப்பட்டு, பாராசூட் விரியாமல் இறந்தார். ஏன் விரியவில்லை என்று கடைசிவரை துருவினார்கள். பாராசூட்டை இழுத்து விரிக்க வேண்டிய இணைப்பில் ஒரு நட்டு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருந்தது. இருக்கையைத் தயாரித்த மார்ட்டின் பேக்கர் நிறுவனம் 2018இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 11 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. ஒரு நட்டின் இறுக்கம் வரை போன விசாரணை.

இங்கே ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரி வருகிறது. வழக்கமாக அதன்பின் பொதுமக்களுக்கு வேறு எதுவும் வருவதில்லை. 2017 முதல் 2022 வரை விமானப்படையில் 34 விபத்துகள் என்று நாடாளுமன்றப் பாதுகாப்புத்துறை நிலைக்குழுவின் அறிக்கை பட்டியலிட்டது. காரணம் என்ற பத்தியில் மிகுதியும் ‘மனிதப் பிழை’. அந்த இரண்டு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம். டெல் பான்யோவின் ரத்த ஓட்டமும் கஸ்ஸின் களைப்பும் மனிதப் பிழைதான். நெவாடாவில் தலைவரைப் பார்த்துக்கொண்டே போன அந்த மூன்று பேரையும்கூட ஒரு குமாஸ்தா நினைத்தால் அந்தப் பத்தியில் எழுதிவிட முடியும். ராணுவ ரகசியம் என்கிறார்கள். சாகச விமானத்தில் ஆயுதம் இல்லை. அது பறக்கும் பாதையைப் பல்லாயிரம் பேர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். தலைகீழாகத் திரும்பிய உயரத்தில் என்ன ரகசியம்? எலகங்காவில் 2019இல் அந்த ஐந்து மீட்டர் எப்படிக் காணாமல் போயிற்று என்பது வெளியே வந்திருந்தால், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ ஒத்திகை பார்க்கும் இன்னொரு விமானிக்கு அது பயன்பட்டிருக்கும்.

இறந்த விமானிக்கு வானத்தில் செலுத்தும் மரியாதை ஒன்று உண்டு. அணியாக வரும் விமானங்களில் ஒன்று, கூட்டத்தின் முன்னால் வந்ததும் தனியே பிரிந்து செங்குத்தாக மேலே போய் மறையும். மற்றவை அந்த இடத்தை நிரப்பாமல் காலியாகவே வைத்துக்கொண்டு பறந்து கடக்கும். கீழே நிற்பவர்களுக்குத் தொண்டை அடைக்கும். பக்கத்தில் ஆள் இல்லாதபோது இறக்கைகளுக்கு இடையிலான தூரத்தைப் பிடிப்பது, ஆள் இருக்கும்போது பிடிப்பதைவிடக் கடினம். அதற்கும் முந்தின நாள் தாழ்வாகப் பறந்து ஒத்திகை பார்த்தாக வேண்டும்.